சிங்கப்பூரில் படித்த சாகுபடிதாரி

கீழப்புளியந்துறை சிங்காரவேலுவின் மகள் பிரகதாம்பாள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போனதற்குப் பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம். சம்பளம் கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான். அவளுடைய அம்மா அகிலாண்டம் காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் பிறந்தவள். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பம் அது. அகிலாண்டத்தின் அண்ணன் இராஜாங்கம் சிங்கப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்த்தார். அங்கே வந்து தங்கிய பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளிக்கூடம். வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு இலவசம். இராஜாங்கத்துக்கோ பிள்ளை இல்லை. ஓர் இலவசம் இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று அவருக்கு மனசு தாங்கவில்லை. தங்கை மகளை அனுப்பி வைக்கும்படி எழுதினார்.

சிங்காரவேலு யோசித்தார். யோசிக்கத்தானே வேண்டும்? அவர் ஊரில் கட்சியின் கிளைச் செயலாளர். ரயிலடிப் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியவர். பூசும்போது சட்டையில் பட்ட கறையை அகிலாண்டத்தைத் துவைக்க விடாமல், அதே சட்டையோடு வருஷம் முழுக்கக் கூட்டத்துக்குப் போய் வந்தவர். தமிழ்தான் என் மூச்சு என்று மேடையில் ஆரம்பித்தால், மைக்செட்காரன் பசி பொறுக்காமல் ஒயரைப் பிடுங்குகிறவரை நிறுத்த மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன், பிரெஞ்சும் இங்கிலீஷும் மட்டுமே சொல்லித் தருகிற இடத்துக்கு மகளை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட்டார் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

"அண்ணே, சிங்கப்பூர்ல தமிழ்ப் பள்ளிக்கூடமே இருக்காம்ல. பாப்பாவ அதுல சேத்திருக்கலாமுல்ல," என்று டீக்கடையில் கேட்டான் மருதையன். அவன் செங்கொடிச் சங்கத்து ஆள். சிங்காரவேலுவைச் சீண்டாவிட்டால் அவனுக்கு டீ இறங்காது.

"அந்தப் பள்ளிக்கூடத்துல இந்தி இருக்கா?" என்றார் சிங்காரவேலு.

"பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்துல இந்தி எப்புடிண்ணே இருக்கும்?"

"இல்லைல்ல? மொழி ரெண்டு, இந்தி கிடையாது. அதான் நம்ம கொள்கை. டீயக் குடி."

பிற்பாடு கட்சி ஆட்சிக்கு வந்து, இரண்டு மொழி போதும் என்று அரசாங்கமே சொன்னபோது, அதை முதலில் நடத்திக் காட்டியவர் தான்தான் என்று சிங்காரவேலு நம்பத் தொடங்கினார். எந்த இரண்டு மொழி என்பது அவரைப் பொறுத்தவரை சில்லறை விஷயம்.

பதினோரு வயதில் போன பிரகதாம்பாளுக்கு முதல் வருஷம் வாயே திறக்கவில்லை. காலையில் சரித்திரமும் பூகோளமும் பிரெஞ்சில் நடக்கும். மத்தியானம் கணக்கும் விஞ்ஞானமும் இங்கிலீஷில் நடக்கும். சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை, அது தமிழில். மெல்ல மெல்லப் பழகிக்கொண்டாள். வாய்ப்பாட்டை ஒரு மொழியிலும் ஆறுகளின் பெயரை இன்னொரு மொழியிலும் மண்டைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள். காவிரி அந்த அடுக்கில் எங்கேயும் வரவில்லை.

அங்கே மார்க்கு இருபதுக்குத்தான். பன்னிரண்டு வாங்கினாலே நல்ல மாணவி. மகள் பன்னிரண்டு வாங்கியதைச் சிங்காரவேலு ஊரெல்லாம் சொன்னார். நம் ஊரில் மார்க்கு என்றால் நூற்றுக்குத்தானே? கேட்டவர்கள் எல்லாம், "போகட்டும்ண்ணே, அடுத்த தடவை தேறிடும்," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுகிற விதமும் தனி. எதைக் கேட்டாலும் முதலில் ஆமாம் என்பதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் சொல்ல வேண்டும். அடுத்து, இல்லை என்பதற்கு உள்ளதையெல்லாம் சொல்ல வேண்டும். கடைசியில் இரண்டையும் நிறுத்துப் பார்த்து ஒரு முடிவுரை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது கட்டுரையே இல்லை. பட்டணத்து வாழ்க்கை நல்லதா என்று கேட்டதற்கு, நல்லதே இல்லை என்று பிரகதாம்பாள் மூன்று பக்கம் உருகி எழுதி, இருபதுக்கு நாலு வாங்கினாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம். காலையில் இட்லி வைக்கட்டுமா என்று அத்தை கேட்டால்கூட, இட்லிக்கு ஆதரவாக நாலு வார்த்தை, எதிராக நாலு வார்த்தை சொல்லி, இட்லி ஆறின பிறகுதான் தட்டில் கை வைப்பாள். இராஜாங்கம் இதைப் பெருமையாக ஊருக்கு எழுதினார். சிங்காரவேலு அந்த இடத்தைப் படித்துவிட்டு, ஏதோ ஜீரணக் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

பிரகதாம்பாளுக்குப் பதினெட்டு வயது முடிந்த வருஷம் ஊரில் நிலத் தகராறு சூடாக இருந்தது. சிங்காரவேலுவுக்கு நாலு வேலி நிலம். அதில் வாய்க்காலுக்கு அக்கரையில் உள்ள ஒரு வேலியை வீரையன் குத்தகைக்கு உழுதான். அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. களத்தில் நெல்லை அளந்து போடுவான், அதோடு சரி. இப்போது, குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. போட்டது சிங்காரவேலுவின் சொந்தக் கட்சி ஆட்சி. தஞ்சாவூர்க் கூட்டத்தில் அந்தச் சட்டத்துக்குக் கை சிவக்கத் தட்டியவர்களில் அவரும் ஒருவர். தட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், அது தன் நிலத்துக்கும் பொருந்துமே என்று உறைத்தது.

வந்ததும் அந்த ஒரு வேலியை மகள் பெயருக்கு மாற்றி எழுதினார். அங்கே குத்தகைக்காரன் என்று யாருமே இல்லை, மகளே சொந்தமாகச் சாகுபடி செய்கிறாள், வீரையன் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன் என்று மனுவும் கொடுத்தார். எல்லாம் சரிதான். சாகுபடிதாரி எங்கே என்று கேட்டால், அவள் சிங்கப்பூரில் பாட்டு கிளாஸில் உட்கார்ந்திருக்கிறாள். எனவே, அம்மா உன்னை நினைத்து ஏங்குகிறாள் என்று எழுதி, பள்ளிக்கூட விடுமுறைக்கு மகளை வரவழைத்தார்.

பிரகதாம்பாளுக்கு இன்னும் ஒரே ஒரு வருஷப் படிப்பு பாக்கி. கடைசிப் பரீட்சை எழுதினால்தான் அதுவரை படித்த ஏழு வருஷத்துக்கும் மதிப்பு. ஆவணி முடிவதற்குள் கப்பல் ஏறியாக வேண்டும். சிங்காரவேலு அதையும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"தாசில்தார் விசாரணைக்கு வராரு. நாந்தான் சாகுபடி பண்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். நிலம் நின்னுச்சுன்னா கப்பல் உண்டு."

"நிலம் போயிட்டாப்பா?"

"கப்பலும் போச்சு. முத்துப்பேட்டை ரைஸ்மில்காரர் மகன் தியாகேசன் ஜாதகம் அலமாரிலதான் இருக்கு. அந்தப் பையனுக்குப் பிரெஞ்சு எல்லாம் வேணாமாம்."

பிரகதாம்பாள் சரி என்றாள். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

வெறும் வாய்ச்சொல் போதாது என்று, நாகூரிலிருந்து போட்டோக்காரர் சேக் தாவூதை வரவழைத்தார் சிங்காரவேலு. மகள் நடவு நடுவதாக ஒரு படம் வேண்டும். அக்கரை வயலுக்குப் போனால் வீரையன் பார்த்துவிடுவான். அதனால் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணை வயலிலேயே இறக்கினார். படத்துக்கு எந்த வயலானால் என்ன, சேறு எல்லாம் ஒரே நிறம்தானே.

வயலில் நடவுப் பெண்கள் குனிந்திருந்தார்கள். வரிசையை நடத்துகிற முன்கை காத்தாயி, வீரையனின் பெண்சாதி. பிரகதாம்பாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் இறங்கினாள்.

"கொஞ்சம் நிமிந்து, கேமராவப் பாத்து, ரெண்டடி முன்னால வாங்கம்மா," என்றார் சேக் தாவூது.

"நடவு நடுறவ பின்னாலதான் போவணும்," என்றாள் காத்தாயி. "முன்னால வந்தா நட்டத மிதிச்சுக்கிட்டு வரணும்."

"பின்னால போனா முகம் விழாதும்மா. தாசில்தாருக்கு முதுகையா காட்டுறது?"

"அப்ப கைக்கடியாரத்தையாச்சும் கழட்டச் சொல்லுங்க. மணி பாத்தா நாத்து வேர் புடிக்குது?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது. பிரகதாம்பாள் நட்ட நாற்றில் நாலு கொத்தை மிதித்துக்கொண்டு, கையில் நாற்று முடியைப் பூச்செண்டு மாதிரிப் பிடித்தபடி நின்றாள்.

சேக் தாவூது போனதும் காத்தாயி குனிந்தபடியே கேட்டாள். "எதுக்கு பாப்பா இந்தப் படம்?"

"விசாரணைக்கு, அக்கா."

"எங்க நெலத்து விசாரணைக்கா?"

பிரகதாம்பாள் நாற்று முடியை வரப்பில் வைத்தாள். காத்தாயி இன்னும் இரண்டு கை நாற்று நட்டாள்.

"அங்க ரெண்டு பாஷை சொல்லித் தராங்கன்னு அய்யா சொல்லுவாங்க. விசாரணையில எந்த பாஷையில சொல்லப் போறே?"

"தமிழ்லதான்."

"அந்த ரெண்டுல ஒண்ணுல சொல்லு பாப்பா. புரியாம போச்சுன்னா எங்களுக்குக் கோவம் வராது பாரு."

விசாரணை ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. தாசில்தார் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கர்ணம். ஒரு புறம் சிங்காரவேலுவும் கட்சிக்காரர்களும், மறு புறம் மருதையனும் சங்கத்துக்காரர்களும் நின்றார்கள். வீரையன் சட்டைக்கு எல்லாப் பித்தானும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மருதையன் அவனுக்கு வாரக்கணக்கில் பாடம் நடத்தியிருந்தான்.

தாசில்தார் முதலில் போட்டோவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவரும் ஏதோ ஒரு வயல்காட்டில் பிறந்தவர்தான் போலிருக்கிறது. பிறகு பிரகதாம்பாளைக் கூப்பிட்டார்.

"இந்த நிலத்த யாரும்மா சாகுபடி பண்றது?"

ஒரே வார்த்தை. நான்தான். அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் கேள்வி கேட்டவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்படிப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர் முன்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை.

"முதல்ல, நாந்தான் பண்றேன்னு எதுனால சொல்லலாம்னு சொல்றேங்க," என்று ஆரம்பித்தாள். "பத்திரம் என் பேர்ல இருக்கு. தீர்வை என் பேர்ல கட்டியிருக்கு. விதைநெல் எங்க வீட்டுக் குதிர்லேர்ந்து போனதா மனுவுல இருக்கு. நான் நடவு நட்ட படமும் உங்க கையில இருக்கு."

சிங்காரவேலு திரும்பி மருதையனைப் பார்த்தார். பார்த்தாயா, இதற்குத்தான் கடல் தாண்டி அனுப்பினேன் என்பது போல மீசையைத் தடவிக்கொண்டார். தாசில்தார் எழுதிக்கொண்டார். அத்தோடு நின்றிருக்கலாம். பிரகதாம்பாளுக்கும் தெரியும். ஆனால் அதுவரை சொன்னது ஒற்றைக் கால் பந்தல் மாதிரி அவள் முன்னால் ஆடிக்கொண்டு நின்றது.

"ஆனா," என்றாள்.

அந்த ஆனாவைக் கேட்டதும் அவளுக்கே திக்கென்றது. இப்போதுகூட நிறுத்தலாம். எதிரே பார்த்தாள். வீரையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கடைசிப் பித்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தவில்லை.

"ஆனா, நான் பண்ணலைன்னும் சொல்லலாங்க. பத்திரம் என் பேருக்கு வந்தே நாலு மாசம்தான் ஆகுது. போன குறுவையில நிலத்துல ஏர் ஓடுறப்ப நான் சிங்கப்பூர்ல இருந்தேன். படத்துல இருக்குற வயல் அந்த வயலே இல்ல..."

"பாப்பா, போதும்," என்றார் சிங்காரவேலு.

"இல்லப்பா, முடிவுரை இருக்கு."

"முடிவுரை எல்லாம் வேணாம். அய்யா, கொழந்த பயந்துபோய் உளறுது."

"இருங்க," என்றார் தாசில்தார். "முடிவுரைய நீ சொல்லும்மா."

"நிலம் என்னோடதுங்க. சாகுபடி வீரையன் அண்ணனோடது. இந்த ரெண்டும் ஒருத்தர்தான்னு எழுதினா அது நிக்காது."

கர்ணம் தும்மலை அடக்கிக்கொண்டார். தாசில்தார் வீரையனைப் பார்த்து, "நீ ஏதும் சொல்லணுமாப்பா?" என்றார். வீரையன் மருதையனைப் பார்த்தான். மருதையன் கையை விரித்தான். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தைக்குக்கூட வேலை இல்லாமல் போய்விட்டது.

"இம்புட்டு தெளிவா எனக்கு வராதுங்க," என்றான் வீரையன்.

அவன் பெயர் குத்தகைக்காரன் என்று பதிவானது.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டாம். சிங்காரவேலு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார், அலமாரியைத் திறந்தார், தியாகேசன் ஜாதகத்தை எடுத்து வெளியே வைத்தார்.

"கப்பலும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா பிரசங்கம் பண்ணிட்டு வந்திருக்கு."

"பேச்சு யார் ரத்தம்?" என்றாள் அகிலாண்டம், தள்ளிய தட்டை எடுத்துக்கொண்டே. "மைக்செட்காரன்தான் இல்ல, ஒயரப் புடுங்க."

பிரகதாம்பாள் புத்தகப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. வீரையனுக்காகச் சொன்னோமா, பழக்கத்தில் சொன்னோமா என்று அவளுக்கே விளங்கவில்லை. சொல்லியது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை. ஏழு வருஷமும் பாழாகப் போகிறதே என்பதுதான் பொறுக்கவில்லை.

மறுநாளே மருதையன் ஆட்கள் தெருவெல்லாம் விளம்பரத் தட்டி வைத்துவிட்டார்கள். மிராசுதார் வீட்டிலேயே பிறந்து மிராசுதாரின் பொய்யை உடைத்த வீர மாணவிக்குப் பாராட்டுக் கூட்டமாம். இது நாகப்பட்டினம்வரை போய், அடுத்த நாள் கட்சியின் மாவட்டப் பிரமுகர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். சிங்காரவேலு மோரைக் கொடுத்துவிட்டுத் தள்ளியே நின்றார்.

"என்னய்யா இது?" என்றார் பிரமுகர். "சட்டம் நம்ம சட்டம். பொண்ணு நம்ம கிளைச் செயலாளர் பொண்ணு. பாராட்டு மட்டும் அவனுங்களுதா?"

சிங்காரவேலுவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"மகள நீங்கதான் உண்மையச் சொல்லச் சொல்லி அனுப்புனீங்க. உழுறவனுக்கு உரிமை கொடுத்த உத்தமர் நீங்க. என்னா முழிக்கிறீங்க? அவனுங்க கூட்டத்துக்கு முன்னால நம்ம கூட்டம் நடக்கணும். பொண்ணு அடுத்த கப்பல்ல மேல்படிப்புக்குத் திரும்புதுன்னு மேடையில நானே அறிவிச்சிடுறேன். பாப்பாவும் ஒரு பத்து நிமிஷம் பேசட்டும்."

ஜீப் போன பிறகு சிங்காரவேலுவின் முகம் முதலில் மலர்ந்தது. உத்தமர் என்ற சொல்லை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் பத்து நிமிஷம் என்பது நினைவுக்கு வந்து வேர்த்துவிட்டது. கொல்லைப்புறம் போனார். பிரகதாம்பாள் கிணற்றடியில் அம்மாவுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மேடையில உன்னப் பேசச் சொல்றாங்க. என்ன பேசுவே?"

"உங்களப் பத்திதானப்பா? நீங்க ஏன் உத்தமர்னு முதல்ல சொல்லுவேன்."

"ம். அதோட நிறுத்திக்குவியா?"

பிரகதாம்பாள் யோசித்தாள். அப்பாவை ஏமாற்ற மனசு வரவில்லை.

"முடியாதுப்பா."

சிங்காரவேலு துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அப்ப நீ பேசவே வேணாம். மேடைக்கு வா, மாலையப் போட்டுக்க, உக்காரு. வாயத் திறக்காம இருந்துட்டா கப்பல் ஏத்தி விட்டுடுறேன்."

"டிக்கெட்ட மொதல்ல எடுத்தாந்து என் கையில குடுங்க," என்றாள் அகிலாண்டம் தோய்க்கிற கல்லிலிருந்து. "அப்பறம் மேடை."

கூட்டம் அவ்வளவு சிறப்பாக அதற்கு முன் ஊரில் நடந்ததில்லை. சிங்காரவேலு ஒரு மணி நேரம் பேசினார். உழுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று தாம் துடித்ததையும், விசாரணைக்கு முன்தினம் மகளை உட்கார வைத்து, உண்மையையே பேசம்மா என்று தழுதழுத்ததையும் சொன்னபோது, சொன்னவருக்கே கண் கலங்கிவிட்டது. பிரகதாம்பாள் கழுத்தை உறுத்தும் சாமந்தி மாலையோடு நாற்காலியில் இருந்தாள். அப்பா சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கம் நுனிநாக்கில் வந்து நின்றது. விழுங்கினாள். எதிரே பெண்கள் வரிசையில் அகிலாண்டம் டிக்கெட் வைத்த சுருக்குப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அந்தப் பொண்ணையும் பேசச் சொல்லுங்கய்யா," என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தாள் காத்தாயி. "அன்னிக்கு நல்லா பேசுச்சே."

கூட்டம் கை தட்டியது. சிங்காரவேலு மைக்செட்காரனைப் பார்த்தார். பிரகதாம்பாள் எழுந்து கும்பிட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தீங்களா?" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டார் மாவட்டப் பிரமுகர். "கடல் கடந்து அந்நிய மொழி ரெண்டு படித்தும், பெரியவர்கள் அவையில் வாய் திறவாத தமிழ்ப் பெண்ணின் அடக்கம்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தன் வாழ்நாளில் செய்ததிலேயே மோசமான காரியத்துக்குத்தான் இத்தனை கைதட்டலும் என்று பிரகதாம்பாளுக்குப் பட்டது. அம்மாவின் சுருக்குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிங்கப்பூருக்குப் புறப்படுகிற அன்று மாட்டுவண்டி அக்கரை வயலைக் கடக்கும்போது, காத்தாயி வரப்பேறி வந்தாள். கையெல்லாம் சேறு.

"என்ன பாப்பா, அன்னிக்கு வாயத் தச்சுப்புட்டாங்களா?"

"பேசினா கப்பல் போயிடும்க்கா."

காத்தாயி வண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், முன்னால் உட்கார்ந்து நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்காரவேலுவைப் பார்த்தாள்.

"சரி, போயிட்டு வா. பரீட்சை முடிஞ்சதும் வந்துடு. நீ பேசுறதக் கேக்க இங்க நாங்க இருக்கோம்."

"ஓட்டுடா," என்றார் சிங்காரவேலு வண்டிக்காரனிடம். கப்பல் காத்திருக்காது என்றார்.